நாற்பது வேணும்

பசிக்குதும்மா, பசிக்குதும்மா, சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே சொல்கிறான் லோகித், நான் கேட்காத மாதிரி எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன், சுவரில் குண்டுக் குழந்தை ஒன்று சிரிக்கிறது, தாய்ப்பாலே சிறந்த உணவு, எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து படிக்கிறேன், திரும்பி இவன் முகத்தைப் பார்த்தால் போச்சு, எழுந்துபோய் வாசல் டீக்கடையில் ஒரு பன்னை வாங்கிக் கொடுத்துவிடுவேன். கொடுக்கக் கூடாது. உள்ளே போய் வரும்வரைக்கும் பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் கூடாது. ஆறு வயசுப் பிள்ளையை நேற்று ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்தி வைத்திருக்கிறேன், பெத்தவ. இந்தப் பெஞ்சில் இருக்கிற எவளிடம் சொன்னாலும் சரியாத்தான் பண்ணியிருக்கே என்பாள். இன்றைக்கு ஊனத்துக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்கிற நாள். உள்ளே ஒரு மேடம் கட்டை, படமெல்லாம் வைத்துப் பிள்ளைக்கு மூளை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பார், அதை வைத்து இத்தனை பர்சென்ட் ஊனம் என்று முடிவாகும். நாற்பது வேணும். நாற்பது இருந்தால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே நடத்துகிற பகல் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள், வேன் தெருமுனைக்கே வரும், கைக்குப் பயிற்சி கொடுப்பார்கள், பேச்சுக்குக் கொடுப்பார்கள், நான் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், ஒரு பிள்ளை டீச்சரம்மா முடியைப் பிடித்து இழுக்கிறது, அந்தம்மா சிரித்துக்கொண்டே விரலைப் பிரித்துவிடுகிறாள், அடிக்கவில்லை. நாற்பதுக்குக் கீழே வந்தால் சாதாரண ஸ்கூலுக்குப் போ என்பார்கள், அங்கேதான் இரண்டு தடவை, தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிரும்மா என்று ஹெட்மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். நாற்பது இல்லையென்றால் வீடு. வீடு என்றால் ஜன்னல் கம்பி. என் பழைய நூல் சேலையைக் கிழித்து இவன் இடுப்பில் ஒரு முடிச்சு, கம்பியில் ஒரு முடிச்சு, அப்படிப் போட்டால்தான் நான் கூலிக்குப் பனியன் பிசிறு வெட்ட முடியும், சமைக்க முடியும், கக்கூஸ் போக முடியும். அவிழ்த்துவிட்டால் ரோட்டில் நிற்பான், இல்லை பக்கத்து வீட்டு மிக்ஸிக்குள் கையை விடுவான், பயம் என்பது இவன் தலைக்குள் ஏறவே இல்லை. பார்க்கிறவர்கள் மாட்டைக் கட்டுற மாதிரிக் கட்டி வெச்சிருக்கியே என்று கேட்கிறார்கள். மாடு நிற்கும். இவன் கம்பியோடு மல்லுக்கட்டி இடுப்பெல்லாம் தடிப்பு, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவும்போது அந்தத் தடிப்பு என் விரலில் தட்டுகிறது. பசிக்குதும்மா. தாய்ப்பாலே சிறந்த உணவு.

வெறும் வயிற்றோடு கூட்டி வா என்று சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மயிலாத்தாக்கா. போன மாதம் வந்தபோது டாக்டர் லீவு என்று திருப்பி அனுப்பினார்கள், அன்றைக்குப் பழக்கம். அவள் மகள் கோகிலாவுக்குப் பன்னிரண்டு வயது, தள்ளுவண்டி நாற்காலியில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, வாய் ஒழுகினால் அக்கா பேசுகிற பேச்சை நிறுத்தாமலே முந்தானையால் துடைத்துவிடுகிறாள், பழைய சர்ட்டிபிகேட் தேதி முடிந்து புதுசுக்கு வந்திருக்கிறாள். “ஏங்கண்ணு, ஒண்ணுங் குடுக்கலதான?” என்று என் காதோரம் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். “அப்பிடித்தா இருக்கோணும். இதுகளுக்குப் பசிச்சா ஒரு வேலையுஞ் செய்யாது. என்ற புள்ள மொத சர்ட்டிபிகேட்டுக்கு வந்தன்னிக்குப் பசி பொறுக்காம அந்த மேடத்துக் கையக் கடிச்சுப் போட்டா. எழுவத்தஞ்சு குடுத்தாங்க பாரு.” பெஞ்சுக் கோடியில் இருந்த ஒருத்தி, “என்னக்கா, மாநிலத்துல மொதல் மார்க்கு வாங்குன மாதிரி சொல்றீங்க” என்றாள். “பின்ன? எங்க வமுசத்துல யாரு எழுவத்தஞ்சு வாங்கிருக்கா? இவங்கப்பன் எட்டாவதுல மூணு தடவ பெயிலு.” பெஞ்சு மொத்தமும் சிரித்தது, கோகிலாவும் சிரித்தாள், என்னவென்று தெரியாமல், எல்லாரும் சிரிப்பதால், நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், சிரித்துவிட்டு உடனே எரிச்சல், எதற்குச் சிரித்தோம். என்னுடைய மகனுக்கு மூளை குறைவு என்று எழுதிக் கொடுங்கள் சாமி என்று வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம், மற்ற அம்மாக்கள் பிள்ளை பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்வார்கள், நாங்கள் இதற்கு. குறைவுதான், ஆனால் போதாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். கேட்டால் இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கதை. பிறந்ததும் அழவில்லை. யாரைக் கேட்டாலும் அதுதான். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி அதுதான், பிறந்தவுடனே அழுதானா? காய்ச்சலுக்குப் போனாலும் கேட்கிறார்கள். அழுதானா, அழுதானா. இப்போது அழுகிறான், போதுமா, ஊரையே கூட்டுகிறான், அன்றைக்கு விட்டதையெல்லாம் சேர்த்து அழுகிறான்.

நானும் அழவில்லை அன்றைக்கு. அதை யாரும் கேட்பதில்லை. தலைப்பிரசவம், உசிலம்பட்டிப் பக்கம் எங்கம்மா வீட்டில் இருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அடுத்த கட்டிலில் ஒருத்தி புருஷனை, புருஷனைப் பெத்தவளை, அவளைப் பெத்தவளை வரிசையாக இழுத்துத் திட்டிக்கொண்டு கிடந்தாள், நர்சுகள் எல்லாம் அவளைச் சுற்றி, அதட்டுவதும் சிரிப்பதுமாக, ஏண்டி இம்புட்டுச் சத்தம் போடுற, அங்க பாரு அந்தப் பிள்ளையை, பல்லைக் கடிச்சுட்டு எம்புட்டுப் பொறுமையாக் கெடக்கு, அங்காளேஸ்வரி மாதிரி இருக்கணும் பொம்பளைன்னா. அந்த அங்காளேஸ்வரி நான். பள்ளிக்கூடத்திலேயே ஆஜர் சொல்லக் கூச்சப்பட்டுப் பாதி நாள் ஆப்சென்ட் வாங்கினவள், ஏழாவதோடு நின்றதும் அதனால்தான், அன்றைக்கு என்னைப் பொறுமை என்று மெச்சினார்கள், மெச்சினதால் இன்னும் இறுக்கி வாயை மூடிக்கொண்டேன். தண்ணீர் உடைந்தது. பச்சையாகப் போனது. பச்சை என்றால் உள்ளே பிள்ளை தவிக்கிறது என்று எனக்கு யார் சொன்னது, நைட்டி நனைந்ததை யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று காலை ஒடுக்கிக்கொண்டேன். கத்துகிறவள் பக்கம்தான் ஓடுவார்கள் என்றால் கத்தாதவளுக்கு யார்? கத்தியிருந்தால். இதில்தான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறேன், ஆணியில் சேலை மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. கத்தியிருந்தால் வந்திருப்பார்களா. பத்தொன்பது வயசுப் பெண் சத்தம் போடவில்லை என்றால் எட்டிப் பார்க்கக் கூடாது என்று எந்தப் படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். யாரோ தற்செயலாக வந்து துணியைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் ஓட்டம், பிள்ளையை இழுக்கிற ஆயுதம், வயிற்றின் மேல் ஒருத்தி ஏறி அமுக்கினாள், நாவல்பழ நிறத்தில் ஒன்றை வெளியே எடுத்தார்கள், தலைகீழாகப் பிடித்துப் பாதத்தில் தட்டினார்கள், தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அறையில் அப்போதுதான் உண்மையான அமைதி, அடுத்த கட்டில்காரிகூட வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம் கண்ணாடிப் பெட்டி, அப்புறம் வீடு. வீட்டில் என்ன கொண்டாட்டம். பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தான், பாலுக்குக்கூட உள்ளங்காலைச் சுண்டி எழுப்ப வேண்டும், இரண்டு வாய் உறிஞ்சுவதற்குள் களைத்து மறுபடி தூக்கம். பார்க்க வந்தவளெல்லாம், என்ன புண்ணியம் பண்ணுனியோ, பிள்ளை இருக்கிற எடமே தெரியல, அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு என்றாள். எங்கம்மா பயந்துபோய், இப்படி அமைதியாக இருக்கிற பிள்ளைமேல் கண்பட்டுவிடும் என்று சாயங்காலம்தோறும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். எதற்குக் கண்? மூச்சு முட்டி மயங்கிக் கிடந்த மூளைக்கு. அது அமைதி இல்லை என்று ஒரு மனுஷிக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, பக்கத்துப் பிள்ளைகள் வீல் வீலென்று கத்தும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. ஒன்றரை வயதுவரை கழுத்தும் இடுப்பும் சரியாக நிற்கவில்லை, இடது கை எப்போதும் மூடியே இருந்தது, கைக்குள்ள காசு வெச்சிருக்கான் என்று கொஞ்சினார்கள். நடக்க ஆரம்பித்தான், அவ்வளவுதான், அன்றைக்கு ஓட ஆரம்பித்தவன் இன்னும் நிற்கவில்லை. குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுகிறான், சொன்னதையே சொல்கிறான், இன்றைக்குப் படித்தது நாளைக்கு இல்லை, ராத்திரியில் கண் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறான். ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, பிறக்கும்போது மூளைக்குக் கொஞ்ச நேரம் காற்று போகவில்லை, அதோ அந்த வெள்ளை என்று காட்டினார். ஒரு சோற்றுப் பருக்கை அளவு. அந்தப் பருக்கைதான் தூங்க விடாதது, அந்தப் பருக்கைதான் பக்கத்து வீட்டுப் பாப்பாவின் கன்னத்தைக் கடித்து வைத்தது. இவன் என்னைக் கட்டிக்கொண்டு முகத்தில் முகத்தைத் தேய்ப்பானே, அது எது, இவனா பருக்கையா. கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, வெளியே ஆள் நின்றது. கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்றும் கேட்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், நெஞ்சு எரிந்தது, காதுக்குள் தறி ஓடுகிற சத்தம், கண்ணில் பூச்சி பறந்தது, இதற்கு மேல் முடியாது என்று வாயைத் திறந்து காற்றைக் குடித்தேன், எனக்குத் திறக்க ஒரு வாய் இருந்தது. வெளியே வந்தால் மாமியார், “தண்ணிய மேல ஊத்தவே இம்புட்டு நேரமா, புள்ளைய முக்கிப் பெறத் துப்பில்லாதவ” என்றாள். எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது என்பதும் அவள்தான். அவள் மகன், என் வீட்டுக்காரர், பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து இவன் கட்டிக் கிடப்பதைப் பார்த்ததும் அப்படியே திரும்பி டீக்கடைக்குப் போய்விடுவார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, “நாப்பது வாங்கிரு” என்றார், கடையில் கொத்தமல்லி வாங்கச் சொல்கிற மாதிரி.

லோகித் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்ததும் மயிலாத்தாக்கா என் கையை அழுத்தி, “நீ ஒண்ணுஞ் சொல்லாத, அவனே காட்டிக்குவான்” என்றாள். உள்ளே மேசைக்குப் பின்னால் சின்னப் பெண்தான், என் வயதுதான் இருக்கும், போன மாதம் கதவு வழியாகப் பார்த்த வயசான மேடம் இல்லை. மேசையில் மரப்பலகை, அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழிகள், பக்கத்தில் அதற்கான கட்டைகள், அதற்கும் பக்கத்தில் பிரித்து வைத்த ஒரு பிஸ்கட் பாக்கெட். இவன் கண் அங்கே போய் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன், பார்த்தும் எனக்குப் புரியவில்லை. எட்டிப் பறிக்கப் போனான். மேடம் பாக்கெட்டை நகர்த்திவிட்டு, “தம்பி, கட்டையை அதோட வீட்டுல வெச்சா ஒரு பிஸ்கட்” என்றார். அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார வைக்க நான் தொடையில் கிள்ள வேண்டியிருக்கிற பிள்ளை, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வட்டத்தை எடுத்தான், வைத்தான், கையை நீட்டினான். வாயில் போட்டு மெல்லாமல் விழுங்கினான். சதுரம். கொஞ்சம் திருப்பினான், இன்னும் திருப்பினான், விழுந்தது. மூடியே கிடக்கிற இடது கையைக்கூடப் பலகை நகராமல் இருக்க ஊன்றிக்கொண்டான், அதை யார் சொல்லிக் கொடுத்தது? நட்சத்திரம் வராது என்று எனக்குத் தெரியும், பெட்டிக்கடையில் பிளாஸ்டிக்கில் இதே மாதிரி வாங்கி மாசக்கணக்கில் முட்டி மோதியிருக்கிறேன், நட்சத்திரத்தைத் தூக்கி என் நெற்றியில் எறிவான். தப்பா வை சாமி. தப்பா வை. அங்காள பரமேஸ்வரி, இவன் கையைத் தட்டிவிடு, பிள்ளை பெறும்போதுகூட உன்னை நான் கூப்பிடவில்லை, இப்போது கூப்பிடுகிறேன், தப்பா வைக்கச் சொல்லு. நட்சத்திரம் சுற்றிச் சுற்றிப் போய்ப் பொருந்தியது. இவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், பார்த்தியாம்மா என்கிற மாதிரி, உதட்டில் பிஸ்கட் தூள். நான் குனிந்து என் கால் விரலைப் பார்த்தேன். “சிவப்பு எது தம்பி?” எடுத்துக் கொடுத்தான். “மஞ்சள்?” கொடுத்தான். ஆறு வருஷமாக மயிரிழையளவுகூட வசப்படாத பிள்ளையைப் பசி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது, அந்தப் பசியை ராத்திரியில் இருந்து பக்குவமாகச் சமைத்து எடுத்து வந்தவள் நான்.

“யாரும்மா இவனுக்குச் சொல்லிக் குடுக்கறது?” என்றார் மேடம். நான் இவன் உதட்டுத் தூளைத் துடைத்தேன். “நீங்களா? ரொம்ப நல்லா பழக்கியிருக்கீங்க. இங்க வர்ற பிள்ளைங்க இந்தச் சேர்லயே உக்காராதுங்க.” இவன் நடக்க ஆரம்பித்ததில் இருந்து ஒரு வாய் என்னை நல்லா என்று சொன்னதில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் நல்ல சொல், அது வந்து பகல் பள்ளியின் கேட்டைச் சாத்திப் பூட்டுப் போட்டது. “பார்டர்லதான் இருக்கான், இருபத்தஞ்சுதான் வரும். சந்தோசப்பட வேண்டிய விசயம்மா.” சந்தோசம். இப்போதாவது வாயைத் திற, இப்போதாவது. “அவன் காலையில இருந்து சாப்பிடலைங்க” என்றேன், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, “பிஸ்கட்டுக்காகத்தான் பண்ணுனான், வீட்டுல இப்படிப் பண்ண மாட்டானுங்க.” மேடம் நிமிர்ந்து பார்த்தார். “எல்லாப் பிள்ளைங்களும் ஏதாவது ஒண்ணுக்காகத்தான் பண்ணும்” என்றார், அப்புறம் முகம் மாறியது, “இந்நேரம் வரைக்கும் ஏன் சாப்பிடலை?” ஏன் சாப்பிடலை. ஜன்னல் கம்பியைச் சொல்லலாம், இடுப்புத் தடிப்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டலாம், காட்டினால் கட்டிப் போட்டவளும் நான்தான், பட்டினி போட்டவளும் நான்தான், இரண்டையும் சேர்த்து என்னைத்தான் எழுதுவார்கள். “நேரமாயிருச்சுங்க” என்றேன். “பிள்ளைக்கு ஒரு வாய் குடுக்கக்கூட நேரமில்லையா? நல்லாப் பாத்துக்கங்கம்மா. வேணும்னா அடுத்த வருஷம் மறுபடி பாக்கலாம்.” நல்லா பழக்கியிருக்கீங்க என்று சொன்ன அதே வாய், அது மூடுவதற்குள். வெளியே மயிலாத்தாக்கா கண்ணாலேயே எத்தனை என்று கேட்டாள். இருபத்தஞ்சு. “அடக் கெரகமே, பெயிலா? பிஸ்கட்டா குடுத்தாங்க? அந்தப் பழைய மேடம் ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காதேம்மா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அடுத்த வருசம் வவுறு முட்டத் தின்னக் குடுத்துக் கூட்டியா கண்ணு” என்றாள். பெஞ்சில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கோகிலாவின் நாற்காலியை அவள் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள், அடுத்த பேர் அவர்களுடையது.

படி இறங்கும்போது இவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தான், ஓடவில்லை, வயிறு நிறைந்திருந்தது. அடுத்த வருஷம். அதுவரைக்கும் இவனுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது. அந்தப் பிளாஸ்டிக் நட்சத்திரத்தைத் தூக்கிப் பரண்மேல் போட வேண்டும், நிறம் சொல்லிக் கொடுக்கக் கூடாது, ஒண்ணு ரெண்டு சொல்லிக் கொடுக்கக் கூடாது, இன்றைக்கு வந்தது நாளைக்கு மறந்துபோகிற பிள்ளைதானே, மறக்கட்டும், மறக்கவில்லை என்றால் நான்தான் மறக்கடிக்க வேண்டும், சேலையை இன்னும் அகலமாகக் கிழித்தால் இடுப்பில் அறுக்காது. இப்படியெல்லாம் யோசிக்கிறது என் தலை, என் தலைக்குக் காற்று நன்றாகத்தான் போகிறது. பஸ் ஸ்டாப்பில் ஆள் நிறைய. தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. “சிவப்பு!” என்றான் லோகித். “சிவப்பு பஸ்ஸும்மா!” யாரும் சிவப்பு எது என்று கேட்கவில்லை, எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, பிஸ்கட் இல்லை, அவனாகவே சொன்னான், சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினான். பக்கத்தில் நின்ற ஆள் திரும்பி, கெட்டிக்காரப் பய என்று சிரித்தார். நான் சட்டென்று இவன் வாயைப் பொத்தினேன். பொத்தின வேகத்தில் மூக்கும் சேர்ந்துவிட்டது. கைக்குள் உதடு இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது, மூச்சு போக வழியில்லாமல் என் உள்ளங்கையை முட்டியது, சூடாக, மறுபடி சூடாக, கண் அகலமாகி என்னையே பார்த்தது. சத்தமில்லை. கையை எடுத்தால் மறுபடி சொல்லிவிடுவான். எடுத்தேன். சொன்னான்.